போஸ்டரில் பத்தொன்பது முகங்கள்

அந்த இசையமைப்பாளர் டிவி பேட்டியில் அதைச் சொன்னபோது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். புதுப் படத்தின் பாடல்கள் வெளியாகி ஒரு நாள்கூட ஆகவில்லை. கேள்வி கேட்டவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அவர் சிரிக்கவில்லை. "காசு கொடுக்காமல் பாட்டை அனுப்புகிறவர்களும் வாங்குகிறவர்களும் ரசிகர்கள் இல்லை. திருடர்கள்" என்றார்.

மேஜையில் இருந்த என் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து கீழேயே விழுந்துவிட்டது. எடுத்துப் பார்த்தேன். எங்கள் குரூப்பில் அதற்குள் நாற்பது செய்தி.

அவருடைய பாட்டுக்கென்றே நடக்கும் குரூப் அது. திருத்தங்கல் அச்சகங்களில் மிஷின் ஓட்டுகிறவர்கள், பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஏறும் பெண்கள், ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்து ஓய்ந்த நான். அட்மின், ஆனைக்குட்டத்திலிருந்து வேலைக்குப் போகும் ஒரு பெண். பட்டாசுக்குத் திரி வைக்கிறவர். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். எங்கள் எல்லோருக்கும் அவர் மதினி. அந்த இசையமைப்பாளரின் முதல் படத்திலிருந்து ஒரு பாட்டு விடாமல் சேர்த்து வைத்திருக்கிறார். பழைய கேசட்டுகளைத் தேடிப் பிடித்து, போனில் ஏற்றி, வரிசைப்படுத்தியது பதினோரு வருட உழைப்பு.

எங்கள் பக்கத்தில் பாட்டு கைமாறுவதற்குக் காரணம் உண்டு. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வெடிமருந்து கிடக்கும் இடம். ஒரு பொறி போதும். கேட்டில் வாட்ச்மேன் வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பாட்டுக் கேட்பதெல்லாம் வேனில் போகும்போதும் வரும்போதும்தான். அந்தப் பாதையில் பாதி தூரத்துக்குச் சிக்னல் கிடையாது. மாதச் சந்தா கட்டி ஆப் வைத்திருப்பவர்களுக்கும் அங்கே சக்கரம் மட்டும்தான் சுற்றும். அதனால் ஒரு போனில் இறங்கிய பாட்டு, வேன் கேட்டை அடைவதற்குள் முப்பது போனுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அதை வாயால் பாடிக்கொண்டே திரி வைப்பார்கள்.

அன்று மதியம் திருத்தங்கல் பஸ் ஸ்டாப் டீக்கடையில் கூடினோம். மதினி வந்ததும் உட்காரக்கூட இல்லை.

"குரூப்பக் கலைக்கப் போறேன். எல்லாத்தையும் அழிச்சிருவேன்."

"என்னத்துக்கு மதினி?"

"வேற எவனாவது சொல்லியிருந்தா போடான்னு போயிருவேன். அவுகளே சொல்லிட்டாக. அவுக வாயால திருடின்னு கேட்டுட்டு, அவுக பாட்ட எப்படி வச்சிருக்க?"

போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். மற்றவர்களுக்கோ ரத்தம் கொதித்தது. ஒருவர், தான் அச்சடித்த கேசட்டு அட்டைகளையும் சிடி உறைகளையும் கணக்குச் சொன்னார். இன்னொருவர், "அவரு கச்சேரிக்கு மதுரைக்கு நாலு பஸ் மாறிப் போனவன் நான். அது திருட்டா?" என்று மேஜையைத் தட்டினார். ஒரு பெண் மட்டும், "அவுக சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல. நம்ம செஞ்ச வெடிய எவனாவது சும்மா அள்ளிட்டுப் போனா விடுவோமா?" என்றார். அவரை எல்லோரும் சேர்ந்து கத்தி உட்காரவைத்தார்கள்.

கடைசியில் மிஷின்மேன் ஒருவன் எழுந்தான். ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறவன், குரூப்பிலேயே பெரிய வாயாடி. "மதினி, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. அவுகளுக்குப் பதில் சொல்லுவோம். அங்கனருந்து ஒரு சத்தமும் வரலைன்னா கலைச்சிருங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"எப்படிலே பதில் சொல்லுவ?"

"நமக்கு என்ன தெரியும்? போஸ்டர்தான்!"

சிவகாசிப் பக்கத்தில் சந்தோஷமோ கோபமோ, போஸ்டராகத்தான் வெளியே வரும். மாலைக்குள் டிசைன் தயார். என்னிடம் புரூஃப் கொடுத்தார்கள். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து:

"அய்யா! நாங்கள் திருடர்கள் அல்ல, தூதர்கள்! உங்கள் பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது நாங்கள்தான்! இனியும் சேர்ப்போம்!"

நடுவில் அவருடைய படம். கீழே இரண்டு வரிசையில் ஸ்டாம்ப் அளவு முகங்கள், பத்தொன்பது. மதினியின் முகம் மட்டும் சற்றுப் பெரிது. கடைசியில் நானும் இருந்தேன். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே செல் நம்பர். வாசகத்தில் ஒரு ஆச்சரியக்குறியைக் குறைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. மற்றபடி சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பத்திரிகையில் இத்தனை வருடம் புரூஃப் பார்த்தவன். ஆனால் போஸ்டரின் அடியில் முகமும் நம்பரும் வரிசையாக இருப்பது எங்கள் ஊரில் படத்துக்குச் சட்டம் போட்டதைப் போல. கண் அதன்மேல் நிற்காது. என் கண்ணும் நிற்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குள் சிவகாசி பஸ் ஸ்டாண்டு, திருத்தங்கல் ரயில்வே கேட், வேன் போகும் வழியெல்லாம் போஸ்டர் ஏறிவிட்டது. எட்டரை மணிக்கு என் போன் அடித்தது.

"சார், போஸ்டர்ல பாத்தேன். புதுப் பாட்டு அஞ்சும் எனக்கும் அனுப்புறீகளா?"

வைத்ததும் அடுத்த அழைப்பு. அதற்கடுத்தது மல்லாங்கிணற்றிலிருந்து, அங்கே எங்கள் போஸ்டர் ஒன்றுகூட ஒட்டவில்லை. யாரோ படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருடர்கள் இல்லை என்று சொல்லப் போய், செய்ததை ஒப்புக்கொண்டு, இனியும் செய்வோம் என்றும் சொல்லி, முகமும் நம்பரும் கொடுத்திருக்கிறோம்.

பைக்கை எடுத்துக்கொண்டு மதினி வேலை செய்யும் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் போன் பெட்டியை முடிந்தவரை தூரத்தில், ஒரு வேப்பமரத்தடியில் கொண்டுபோய் வைத்திருந்தார். அதற்குள் ஏழெட்டு போன்கள் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டிருந்தன. ரிங்டோன் எல்லாமே அவருடைய பாட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக.

"ஆஃப் பண்ணிக் குடுங்கன்னு தினமும் கத்துதேன், கேக்காளுகளா? காலையிலருந்து குளவிக்கூடு மாதிரி இரையுது அண்ணாச்சி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மூணாவது பாட்டு நல்லாத்தான் இருக்கு, என்ன?" என்றார்.

வேலை முடியாமல் அவரைப் பார்க்க முடியாது என்பதால் மாலையில் மறுபடி போனேன். ஐந்து மணிக்கு மதினி வெளியே வந்து போனைக் கையில் வாங்கியதும் அது அடித்தது. சென்னை நம்பர். மிஷின்மேனும் இன்னும் நாலைந்து பேரும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார்கள். கேட்டுக்கு எதிரில் இருந்த டீக்கடைக்கு நகர்ந்து ஸ்பீக்கரில் போடச் சொன்னோம்.

பேசியவர் ஆடியோ கம்பெனிக்காரர். குரலில் இளமை. "உங்க போஸ்டர் எங்களுக்கு வந்திருக்குங்க. நீங்கதானே அட்மின்? குரூப்பை இன்னைக்கே கலைச்சிட்டு, ஃபைல் எல்லாத்தையும் அழிச்சிடுங்க. இல்லேன்னா எல்லா நம்பருக்கும் லீகல் நோட்டீஸ் வரும்."

மிஷின்மேன் எதிர்ச் சுவரில் இருந்த போஸ்டரைத் திரும்பிப் பார்த்தான். போஸ்டரின் ஓரத்தில் அவன் அச்சகத்தின் பெயரும் இருந்தது. பதில் வந்தால் கலைப்பதில்லை என்பது பேச்சு. வந்த பதிலே கலைக்கச் சொன்னது.

மதினி போனை வாயருகே கொண்டுபோனார். "புதுப் பாட்டு அஞ்சையும் இப்பவே அழிச்சிருதேன் தம்பி. இப்பத்தான் வந்தது, நீங்க விக்கிறது, நாங்க அனுப்புனது தப்புதான். பழசு ஒண்ணு கேக்கேன். அவுக முதப் படத்துல நாத்து நடுற பொம்பளைக பாடுற பாட்டு. உங்க ஆப்ல இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "இல்லைங்க."

"கேசட்டு, சிடி?"

"அதை வெளியிட்ட கம்பெனியே இப்ப இல்லைங்க."

"அப்ப நான் அழிச்சிட்டா அது எங்கன இருக்கும்?"

அந்தப் பக்கம் மறுபடியும் எதையோ தட்டித் தேடும் சத்தம். 

"ரெண்டாவது சரணமும் இருக்காங்க?" என்றார் அவர்.

"கரகரப்பு இல்லாம இருக்கு."

"எனக்கு அதை அனுப்ப முடியுமா?"

டீக்கடையே எழுந்து கத்தியது. மிஷின்மேன் விசிலடித்தான். மதினி கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார்.

"கம்பெனிக்கா தம்பி, உங்களுக்கா?"

"எனக்குத்தான் அக்கா" என்றது குரல், மிகவும் மெதுவாக.

"அப்பத் தர மாட்டேன். ஒரு தடவ திருடின்னு பேரு வாங்குனது போதும். கம்பெனிக்குன்னு லெட்டர்பேடுல எழுதிக் கேளுங்க. ஆப்ல எல்லாரும் கேக்குற மாதிரி போடுவோம்னும் எழுதணும். அது மட்டுமில்ல, இன்னும் பதினேழு பாட்டு உங்ககிட்ட இருக்காது. அம்புட்டும் தாரேன். அதுவரைக்கும் குரூப் இருக்கும்."

"மேல கேட்டுச் சொல்றேன் அக்கா."

"லெட்டர்பேடு இல்லைன்னா நம்ம பிரஸ்லயே ஆர்டர் குடுக்கச் சொல்லுங்க மதினி" என்று கத்தினான் மிஷின்மேன், போன் துண்டிக்கப்படுவதற்குள்.

மதினி பெஞ்சில் உட்கார்ந்து, புதுப் பாட்டுகளை ஒவ்வொன்றாக அழித்தார். மூன்றாவது பாட்டில் விரல் கொஞ்சம் நின்றது. அதையும் அழித்தார். அடுத்த அழைப்பு வந்தது. எடுத்து, "புதுசு கெடையாது, ஆப்ல காசு கட்டிக் கேளுங்க. பழசு என்ன வேணும், சொல்லுங்க" என்றார்.