மஞ்சள் அட்டையில் ஒரு பிறந்தநாள்

வானொலியில் ‘ராக் இசையில் இந்த நாள்’ நிகழ்ச்சிக்கு, நிலையத்தில் எல்லோரும் ‘அட்டைக்காரர்’ என்று கூப்பிடும் ஊழியர்தான் அட்டைகளில் குறிப்பு எழுதுவார். அட்டையில் பெயர் மட்டும் இருக்கும். வெள்ளை என்றால் பிறந்தவர், மஞ்சள் என்றால் மறைந்தவர். அன்று வெள்ளை தீர்ந்துபோக, உள்ளூர் டிரம்மரின் பிறந்தநாளை மஞ்சளில் எழுதிவிட்டார். அறிவிப்பாளர் பெண்ணும் அவருக்கு அஞ்சலி வாசித்துவிட்டாள்.

உடனே டிரம்மரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அண்ணே, என்னைக் கொன்னது கெடக்கட்டும். எங்கம்மா நெஞ்சுவலிக்காரங்க. வீட்ல ரேடியோவும் கையுமா தனியா இருக்காங்க. போன் போட்டா எடுக்கல.”

அட்டைக்காரர் ஒலிபரப்பு அறைக்குள் பாய்ந்து, பாட்டை நிறுத்தி, மைக்கைப் பிடித்தார்.

“அம்மா, உங்க பையன் உசுரோடதான் இருக்கான். தப்பு என்னுது. போனை எடுங்கம்மா.”

ஏழாவது முறை சொல்லும்போது, வெளியே டிரம்மருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த அறிவிப்பாளர் பெண் கதவைத் திறந்தாள்.

“எடுத்துட்டாங்களாம் சார். உங்களத்தான் திட்டுறாங்களாம்.”

அட்டைக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.