முப்பத்துநாலு கிலோ பிளேனர்

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. வானத்தில் ஒரு முகிலும் இல்லை. சோளகக் காற்று தெருப்புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் இயந்திரங்கள் விற்கும் கடையொன்றின் வாசலில், சரவணையில் நான் வைத்திருக்கும் சிறிய தச்சுப் பட்டறைக்கு ஒரு பிளேனர் வாங்குவதற்காக நின்றேன். பலகையை ஒரே தடிப்பாகச் சீவித் தரும் இயந்திரம் அது. எனக்கு எழுபத்திரண்டு வயது. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த காசு ஒரு இயந்திரத்துக்குத்தான் காணும். பிழையாக வாங்கினால் திருத்தி வாங்க இன்னொரு தடவை கிடையாது.

கடையில் இரண்டு இருந்தன. ஒன்று யப்பானிலிருந்து வந்த பழையது. பதினாறு அங்குல வாய், வார்ப்பிரும்பு உடம்பு, நூற்றறுபது கிலோ. ஒரு முறை நிலத்தில் பூட்டினால் பிறகு அசையாது. மற்றது புதியது. இரண்டு பக்கமும் கைபிடி, முப்பத்துநாலு கிலோ, பன்னிரண்டரை அங்குல வாய். விலை பத்தாயிரம்கூட வித்தியாசமில்லை.

பட்டறையில் எனக்கு வேலை செய்யும் தச்சர் பெரியதன் மேசையை உள்ளங்கையால் தடவிக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், இதை எடுங்கோ. அந்தச் சின்னன் பலகையின்ரை கடைசி இரண்டு அங்குலத்தைக் கடிச்சுப் பள்ளமாக்கிப்போடும். சத்தமும் ஊரைக் கூட்டும்."

"மரம் கேற்றைத் தாண்டக் கூடாதெண்டு அவன் சொல்லிப்போட்டான். பெரிசை மண்கும்பானுக்கு நீர் தலையிலை வைச்சுக் கொண்டு போவீரோ?"

அவன் என்றது என் அக்காவின் மகனை. பிரான்சில் இருக்கிறான். மண்கும்பானில் பூட்டிக் கிடக்கும் தன் வீட்டு வளவில் நின்ற இரண்டு வேம்பைத் தறித்து, பதினொரு கதவு செய்யச் சொல்லி என்னிடம் தந்திருந்தான். மரம் அரியும் ஆலைக்குப் போய் வந்த பலகையில் மூன்று குறைந்துவிட்டது. அன்று தொடக்கம் ஒரு சிராம்புத் துண்டும் வளவை விட்டு வெளியே போகக் கூடாது. சீவுவதென்றாலும் அங்கேயே, அவன் தன் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கத்தான். மாமன் என்று பார்க்கவில்லை.

கடைக்கு வர முன்னமே அந்த வளவுக்கு மூன்று தரம் போயிருந்தேன். பலகைகளை எண்ணினேன்: நாற்பத்தாறு. அகலம் அளந்தேன்: ஏழு பலகை பன்னிரண்டரை அங்குலத்துக்கு மேல். அந்த ஏழையும் கைச்சீவுளியால் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். மின்சார மீற்றர்ப் பெட்டியிலிருந்து வேலை செய்யும் இடத்துக்குப் பத்தொன்பது மீற்றர். முப்பத்தொரு வருடம் பௌதிகம் படிப்பித்தவன். அந்த நீளத்துக்கு எத்தனை வோல்ற் குறையும், எந்தக் கம்பி தாங்கும் என்றெல்லாம் கணக்குப் பார்த்து எழுதினேன். அந்தக் கணக்கை நம்பி அன்றே சின்னதை வாங்கினேன்.

வாங்கிய பத்தாம் நாள் அதை ஓட்டோவில் மண்கும்பானுக்கு ஏற்றிக்கொண்டு போய் வேப்பங்குற்றியின் பக்கத்தில் இறக்கினோம். தச்சர் பிளேனரின் சுவிச்சைப் போட்டார். ஒன்றும் இல்லை. திரும்பவும் போட்டார். நான் மீற்றர்ப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. தூணிலிருந்து வரும் கம்பி சுவரோடு வெட்டி விடப்பட்டிருந்தது. மூன்று தரம் அந்தப் பெட்டியின் கீழ் நின்றுதான் அளவு நாடாவை இழுத்திருக்கிறேன்.

மருமகனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அங்கே விடிந்தும் விடியாத நேரம். தலையணையில் கிடந்தபடியே கதைத்தான்.

"கறண்டோ? அது வெட்டி நாலு வருசம், மாமா. அங்கை ஆர் இருக்கினம் பில் கட்ட?"

"ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே. பௌதிக வாத்தியார், மூண்டு தரம் போய்ப் பாத்தனீங்கள்."

தச்சர் இருமலை வரவழைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினார்.

"அப்ப ஜெனரேற்றர் வாடகைக்கு எடுக்கவேணும்," என்றேன். "பதினொரு கதவுக்கு நாலு நாளாவது வேணும்."

"உங்களுக்கு விசரே? அதுக்கேன் வீண் செலவு? பலகையை உங்கடை பட்டறைக்குக் கொண்டு போங்கோவன். நீங்கள் என்ன, வேறை ஆளே?"

இந்த ஒரு வசனத்தைப் பதினொரு நாளுக்கு முதல் சொல்லியிருந்தால் பதினாறு அங்குல வாய் இன்று என் பட்டறையில் இருந்திருக்கும். அவனோ சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டான்.

"மாஸ்டர், அந்தப் பெரிசு இன்னும் கடையிலை கிடக்கும்," என்றார் தச்சர்.

"கிடக்கட்டும். நீர் பலகையைத் தூக்கும்."

நாற்பத்தாறு பலகையும் உழவு இயந்திரப் பெட்டியில் சரவணைக்கு வந்தன. முப்பத்தொன்பது பிளேனரில் போயின. ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு அங்குலத்தை அது கடித்தது. கடித்த நுனியை ஒவ்வொன்றாக ஈர்வாளால் அறுத்து எறிந்தோம். மிச்சம் ஏழையும் தச்சர் ஆறு நாள் கையால் சீவினார்.

பிளேனர் ஒரு இலட்சத்து எழுபத்தெட்டாயிரம். பட்டினத்திலிருந்து ஏற்றி வந்தது நாலாயிரத்து ஐந்நூறு. மண்கும்பானுக்குச் சும்மா போய் வந்தது மூவாயிரம். பலகை ஏற்றியது ஐயாயிரத்து இருநூற்றைம்பது. எல்லாமாக ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்.