குழாய்க்குள் போன வேப்பமரம்

ஆந்திர எல்லையில், நகரி ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. குளிக்கிற தண்ணீர் திறந்த வாய்க்காலில் ஓடி, கொல்லை வேப்பமரத்தடியில் தேங்கும். கொசு பெருத்துவிட்டது என்று நைனா, என் அப்பா, பிளாஸ்டிக் குழாய் பதித்து அதைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டார். அடுத்த மாசியில் மரம் இலையெல்லாம் கொட்டியது. வேம்பு வருடா வருடம் கொட்டும் என்பது எட்டு வயதுக்காரிக்குத் தெரியுமா? தாகத்தில் சாகப்போகிறது என்று நானே முடிவு கட்டினேன். அம்மா இல்லாத நேரம் பார்த்து அடுப்பில் ஆணியைக் காய்ச்சி, மண்ணை விலக்கிக் குழாயில் ஓட்டை போட்டு மூடினேன். மரம் துளிர்த்தது. உயிர் கொடுத்தவள் நான்தான் என்று தலைகால் புரியாமல் திரிந்தேன்.

மூன்றாம் வருடம் குளியலறைத் தண்ணீர் இறங்கவேயில்லை. கம்பி விட்டுக் குத்தியும் அசையவில்லை. திருப்பதியில் குழாய் வேலை பார்க்கும் மாமா, அம்மாவின் தம்பி, வந்து தோண்டினார். குழாயை அறுத்து, உள்ளே அடைத்திருந்ததைப் பிடித்து இழுத்தார்.

"இன்னாபா இது, பொம்பள சடை மாதிரி வந்துக்கினே இருக்குது!"

வேர். குழாயின் அளவுக்கே உருண்டு, என்னைவிட நீளமாக, சோப்பு வாசனையோடு வந்தது. அவ்வளவும் என் ஆணி ஓட்டை வழியாக நூலாக நுழைந்து உள்ளே வளர்ந்திருந்தது.

நைனா கோடாலியோடு வந்தார். "மரம் இருந்தா எத்தினி பைப் போட்டாலும் இதே கததான். சாய்ச்சிடலாம்."

"வேணா நைனா! நான்தான் ஓட்ட போட்டேன்" என்று அலறினேன்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால், நைனா குந்தி உட்கார்ந்து அந்த ஓட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். சுண்டுவிரல்கூட அதில் நுழையவில்லை. வெகுநேரம் கழித்து மரத்தை அண்ணாந்து பார்த்து, அதனிடமே கேட்டார்.

"இத்துணூண்டுல தண்ணி இருக்குதுன்னு எப்பிடிம்மா கண்டுபுடிச்ச?"

குழாய்க்குள் போன அந்த ஒரு வேரை வெட்டியதோடு கோடாலி நின்றது. மாமா புதுக் குழாயை மரத்தைவிட்டுத் தள்ளிப் பதித்து, இணைப்புகளில் பசை தடவி இறுக்கினார். பாத்திரம் கழுவுகிற தண்ணீரை மரத்துக்கென்றே நைனா திருப்பிவிட்டார்.

நான் உண்மையைச் சொன்னதால் மரம் பிழைத்தது என்று ரொம்ப நாள் பெருமையடித்துக்கொண்டேன். அந்த வாரம்தான் எங்கள் நிலத்தில் மூன்றாவது போர்வெல்லும் வெறும் புழுதியைக் கக்கியது என்பதை, எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். தண்ணீர் தேடித் தோற்ற மனிதர் அந்த மரத்தின் முன் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததை, என்மேல் வைத்த இரக்கம் என்றே நான் நினைத்திருந்தேன்.