குடிக்காதவனின் கணையம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன பட்டறைக் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரகடத்துக்கு உள்ளே இருந்த எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சளிக்காய்ச்சல். முதலில் என் மனைவி படுத்தாள், அப்புறம் நான். ஒரு வாரம் இருமித் தீர்த்து, காய்ச்சல் விட்டது என்று நினைத்த அன்று காலையில் மேல்வயிற்றில் வலி பிடித்தது. முதுகு வரை துளைத்தது. குடித்த கஞ்சித் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் வீங்கியிருக்கிறது என்றார். அடுத்த கேள்வி, எத்தனை வருஷமாகக் குடிக்கிறாய் என்பது. குடிப்பதில்லை என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று சொல்லிக்கொண்டே குடிப்பழக்கம் என்று எழுதிவிட்டார். சாராயத்தால் அப்பாவைப் பறிகொடுத்தவன் நான். மூக்கில் குழாயோடு கிடந்ததால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

என் மனைவி பேசினாள். தினமும் காலையில் அவர் வரும்போது கட்டிலுக்கு முன்னால் நின்றுகொள்வாள்.

"அவுரு குடிச்சா மொதல்ல எனக்குத்தான சார் தெரியும்? எழுதினத அடிங்க."

அவர் அடிக்கவில்லை. கூடவே வந்துகொண்டிருந்த இளம் பெண் டாக்டர்தான் ஒருநாள் மதியம் தனியாக வந்து, முன்னால் காய்ச்சல் இருந்ததா என்று கேட்டார். கணையம் வீங்க இன்னொரு காரணமான பித்தப்பைக் கல் எனக்கு இல்லை என்பது எடுத்த படத்தில் தெரிந்திருந்தது. பொன்னுக்கு வீங்கி மாதிரியான வைரஸ் நோய்களில் கணையம் வீங்குவதுண்டு, சளிக்காய்ச்சலுக்குப் பிறகும் சிலருக்கு வரலாமோ என்ற சந்தேகம் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு அதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன் என்றார். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் 'காரணம் தெரியவில்லை. முன்பு காய்ச்சல்' என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு அந்த நேர்மை போதும்.

நான் வேலைக்குத் திரும்புவதற்குள், குடித்துத்தான் படுத்தேன் என்ற பேச்சு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தது. சூப்பர்வைசர் சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் உள்ளே போகலாம் என்றார். கூட வேலை செய்தவர்கள், ஒரு வரிதானே, எழுதிவிட்டுப் போ என்றார்கள்.

"இனிமே குடிக்க மாட்டேன்னு எழுதினா, இத்தினி நாளா குடிச்சேன்னு ஆயிடும் சார். எழுத மாட்டேன். வேல போனா போவட்டும்" என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

வேலை போனது. உடம்பு இன்னும் தேறாத நிலையில் வாலாஜாபாத்தில் ஒரு பம்புசெட் ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். என் மனைவி ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை. அந்தக் கடிதத்தை நான் எழுதியிருந்தால்தான் சண்டை வந்திருக்கும்.

ஒன்றரை மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. என் மிஷினில் போட்ட ஆள் வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தானாம். கடிதம் வேண்டாம், வந்தால் போதும் என்றார்கள். போனேன். ஆனால் உடனே மிஷினைத் தொடவில்லை. எனக்குக் குடிப்பழக்கம் இல்லை என்பதை எல்லார் எதிரிலும் சொல்லச் சொன்னேன். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்துக்கொண்டு வேகமாகச் சொல்லி முடித்தார். பின்வரிசையில் காதில் விழவில்லை என்றேன். இரண்டாம் முறை உரக்கச் சொன்னார்.