நரம்பு ஓடிய முட்டைகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தைக் கம்பனி எடுத்த பிறகு நிர்வாகம் பார்க்கப் புதிதாக ஒரு துரை வந்தார். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் யாரும் சேவல் வளர்க்கக் கூடாது என்பது அவர் போட்ட முதல் உத்தரவு. கோழி இருக்கலாமாம். சேவல் கூவினால்தான் துரை பங்களாவில் தூக்கம் கெடுகிறதாம். விடியுமுன்னே ஃபேக்டரிச் சங்கு ஊதி எங்கள் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுப்பதற்கு எந்த உத்தரவும் இல்லை.

மற்றவர்கள் சேவலைப் பலாங்கொடைச் சந்தையில் விற்றார்கள், இல்லையென்றால் குழம்பு வைத்தார்கள். நான் மசியவில்லை. இரவானால் என் சேவலை எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் கொண்டுவந்து, உயரம் குறைந்த பழப்பெட்டிக்குள் அடைத்துவிடுவேன். கழுத்தை நிமிர்த்த முடியாத சேவலுக்குக் கூவ வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் தோட்டத்தைக் காவல் பார்க்கும் வாச்சர் வந்தார். தூரத்தில் பார்த்ததுமே சேவலைப் பெட்டியில் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடினேன். உள்ளே வந்தவர் மூலையில் அடைக்கோழியைப் பார்த்தார். அதன் அடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்தார். எங்கள் காம்பராவுக்கு ஜன்னல் கிடையாது. கூரைத் தகரத்தின் ஆணித்துளை வழியாக மட்டும் வெயில் இறங்கும். முட்டையைக் கைக்குள் பொத்தி அந்த வெயிலில் பிடித்தார்.

"இங்க பாரு தங்கச்சி, உள்ள செவப்பா நரம்பு ஓடுது. சேவல் சேராத முட்டைன்னா வெறும் வெளிச்சமாத்தான் தெரியும். சேவல் எங்க?"

"கோழி வெளிய கிராமத்துப் பக்கம் போயிட்டு வருதுங்க அண்ணே. அதுக்கும் தொரைகிட்ட லீவு கேக்கணுமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாழாய்ப்போன சாக்கு அப்போது பார்த்துத்தான் அசைந்தது.

"கோவிச்சுக்காத, என் வேலை போயிரும்" என்று சேவலைக் காலைப் பிடித்துத் தூக்கினார்.

"சேவலக் கொண்டு போங்க. முட்டைய வச்சிட்டுப் போங்க."

அன்றே சேவல் பங்களா அடுப்பில் வெந்ததாக அங்கே சமைக்கிறவர் சொன்னார். அழுதேன். மறுநாள் வேலை விட்டு வந்து, சாய்ந்த வெயிலில் மீதி முட்டைகளையும் துளைக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அதுவரை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் அடை வைத்தோம். எதில் உயிர் இருக்கிறது என்று பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்ததே அந்த வாச்சர்தான். நரம்பு ஓடியவற்றில் இரண்டை என் கோழிக்கு விட்டு, மீதியை மடியில் கட்டிக்கொண்டு, கோழி அடையில் இருந்த வீடுகளுக்கெல்லாம் பங்கு வைத்தேன்.

"எதுக்குடி வம்பு?" என்றார்கள்.

"குஞ்சு வளக்கக் கூடாதுன்னு உத்தரவு இல்லையே!"

குஞ்சுகள் வளர்ந்தன. ஒரு நாள் விடியற்காலை, சங்கு ஊதுமுன், என் வீட்டுக் குஞ்சு உடைந்த குரலில் கூவிப் பார்த்தது. கடைசிக் காம்பராவிலிருந்து ஒன்று பதில் சொன்னது. பிறகு மேல் லயத்திலிருந்து ஒன்று. பங்களாவில் லைட் எரிந்தது.

சேவலைப் பிடித்துப்போகச் சாக்கோடு வாச்சர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "எந்த வீட்டுச் சேவல் கூவிச்சு?"

"எங்க வீட்டுது" என்றேன்.

"எங்க வீட்டுதும்தான்" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. வாசலுக்கு வாசல் அதே பதில் வந்தது.

அவர் கையில் ஒரே ஒரு சாக்குதான் இருந்தது.