கதவில் காதை வைத்தேன்

அமெரிக்காவில், பிளாட் புஷ் பகுதியில் என் பக்கத்து வீட்டு ரூத் யூதப் பெண். முன்னோர் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகை விருந்துக்கு எதிர்வீட்டுப் பெண்ணை அழைத்தாள். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான். ஒன்பது வருடமாகப் பக்கத்தில் இருக்கும் என்னை அழைக்கவில்லை. வயிறு எரிந்தது.

விருந்தன்று இரவு, ரூத்தின் கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் போனேன். மணி அடிக்காமல், உள்ளே என்ன சிரிப்பு என்று கதவில் காதை வைத்தேன். திடீரென்று கதவு திறந்தது. விழப் பார்த்தேன். விருந்தின் நடுவே வாசலைத் திறப்பது அவர்கள் வழக்கமாம். திறந்தவள் அந்த எதிர்வீட்டுக்காரி.

"அக்கா, நீங்களும் வந்திட்டீங்களோ! வாங்கோ!"

"என்னை ஆர் கூப்பிட்டது?" என்று சீறினேன்.

ரூத் எழுந்து வந்தாள். "எங்கள் முன்னோரும் அந்நிய நாட்டில் இருந்தவர்கள். அதனால் இன்று, புதிதாக வந்தவர்களை அழைப்போம். உன் வீட்டில் இவள் எத்தனையோ முறை சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்தேன். இவளுக்கு இதுதான் முதல் விருந்தாமே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எனக்கு அவள் பெயரே தெரியாது. சுகந்தி என்று அன்றுதான் கேட்டறிந்தேன். ரூத் என்னை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார வைத்தாள். பண்டிகையின் புளிக்காத ரொட்டியில் பாதியை முறித்துச் சுகந்தியின் தட்டில் வைத்தேன்.

பொறாமை இன்னும் போகவில்லை. இப்போது தெருவுக்குப் புதிதாகக் குடிவருபவர்களின் சாமான் லொறி வந்தால், ரூத் செருப்பு மாட்டுவதற்குள் நான் அந்த வீட்டு மணியை அடித்துவிடுகிறேன்.