அண்ணன் காதில் விழாத கோடு

அண்ணனுக்குக் கண் தெரியாது. மடிக்கணினித் திரையில் வருகிற எழுத்தையெல்லாம் ஒரு குரல் அவனுக்குப் படபடவென்று ஒப்பிக்கும். அந்த வாரம் அந்தக் குரல் என் உயிரை எடுத்தது. எம்.ரெட்டியபட்டியில் எங்கள் வீடு ரெண்டே அறை. நாளுக்கு நாள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனான். “குறைண்ணே” என்று கத்தினால் பதிலே வராது.

எனக்கு இருந்த சண்டை வேறு. லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்துக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் எங்கோ இருப்பார்கள். அதை வாங்கிச் சோதித்து, ஒரே கட்டாக ஜனங்களுக்குக் கொடுக்கிற குழுக்கள் தனி. அப்படி ஒரு குழுவில் சம்பளமில்லாமல் மாரடிக்கிறேன். கணினிக்கு அடிக்கிற கட்டளைகளின் கையேட்டைத் திரையில் அடுக்கிக் காட்டும் மென்பொருள் என் பொறுப்பு.

அதன் புதுப் பதிப்பில் அதை எழுதுகிறவர்கள் ஒரு வேலை செய்துவிட்டார்கள். கட்டளைகளில் டேஷ் என்று ஒரு சின்னக் கோடு வரும். அதற்குப் பதில் அச்சுப் புத்தகத்தில் போடுகிற வேறொரு கோட்டை வரவைத்துவிட்டார்கள். பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். கணினிக்கு அப்படியில்லை, கையேட்டிலிருந்து எடுத்து ஒட்டினால் கட்டளை ஓடாது. கேட்டால், கையேடு எழுதியவர்கள்தான் கோட்டைத் தப்பாகக் குறித்திருக்கிறார்கள், அவர்கள் திருத்தட்டும் என்றார்கள். நியாயம்தான். அத்தனை பக்கத்தையும் எவன் உட்கார்ந்து திருத்துவது? நம் குழு கொடுக்கிற கட்டுக்குள் மட்டும் ரெண்டு வரி சேர்த்துப் பழைய கோட்டையே காட்டுவோம் என்றேன். குழுவில் மூத்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. நாம் மூடி மறைத்தால் யாரும் திருத்த மாட்டார்கள் என்று நாள் தவறாமல் எழுதினார். நானும் விடாமல் மல்லுக்கு நின்றேன்.

எந்தப் புதுப் பதிப்பும் முதலில் அண்ணன் மடிக்கணினியில்தான் இறங்கும். அவன் காதைத் தாண்டித்தான் ஊருக்குப் போகும். இதுவும் இறங்கியிருந்தது. சண்டை மும்முரத்தில் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அன்று மதியம் அருப்புக்கோட்டையில் ஒரு மில்லில் அவனுக்குத் தேர்வு. அங்குள்ள கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சொந்த மடிக்கணினியைக் கொண்டுபோய், கையேட்டைக் கேட்டுக் கேட்டுச் செய்து காட்டலாம். ஷேர் ஆட்டோ வருகிற நேரம். இவன் பனியனோடு உட்கார்ந்திருந்தான். குரல் அலறிக்கொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம்.

“ஊருக்கே கேக்குது. உனக்குக் கேக்கலயா?”

“கேக்கலத்தா” என்றான்.

அப்புறம் மெதுவாகச் சொன்னான். “நான் போகல. ஆட்டோக்காரர்ட்ட சொல்லிரு. டேஷ் எங்கெங்க வரும்னு எனக்கு மனப்பாடம். ரெண்டு மூணு நாளா அந்த ஒண்ணு மட்டும் காதுல விழ மாட்டேங்குது. கண்ணும் இப்படிக் கொஞ்சங் கொஞ்சமாத்தான போச்சு.”

குனிந்து திரையைப் பார்த்தேன். கோடு இருந்தது. திரும்ப வாசிக்க வைத்தேன். குரல் அந்தக் கோட்டைச் சொல்லாமல் தாண்டிப் போனது. இந்தப் புதுக் கோடு அதற்குத் தெரியவில்லை.

“அண்ணே, எனக்கும் கேக்கல.”

“என்னைக் கெளப்பி விடணும்னு சொல்ற.”

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. குழுவில் நான் கேட்ட அந்த ரெண்டு வரியை அவன் மடிக்கணினியிலேயே சேர்த்தேன், அவசரத்தில் முதல் தடவை தப்பாக அடித்துவிட்டேன். அழித்துத் திரும்ப அடித்து, அதே பக்கத்தை வாசிக்க வைத்தேன். “டேஷ்” என்றது குரல். அண்ணன் தலை நிமிர்ந்தது. இன்னொரு தடவை வாசிக்க வைத்தான். அப்புறம் அவனே சத்தத்தைக் குறைத்தான்.

“அப்ப காது போகலயா?”

“போகலண்ணே.”

பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் அழுதுவிட்டேன். ஹாரன் விடாமல் அடித்தது.

சட்டையை மாட்டி, ஒரு காலை ஆட்டோவில் வைத்தவன் நின்றுவிட்டான். “எனக்கு மட்டுந்தான் மாத்துனியா, எல்லாருக்குமா?”

“உனக்கு மட்டுந்தான். குழுவுல இன்னும் ஒத்துக்கல.”

“என்னய மாதிரி எத்தன பேரு காது போயிருச்சுன்னு உக்காந்திருக்காகளோ. மொத அதப் பாரு.”

ஆட்டோ போனதும் குழுவுக்கு எழுதினேன். முறை, நியாயம் எதையும் பேசவில்லை. வீட்டில் நடந்ததை மட்டும் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் மூத்தவரிடமிருந்து பதில் வந்தது. ரெண்டு வரியையும் அவரே சேர்த்திருந்தார்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். “திங்கக்கெழம வேலைக்கு வரச் சொல்லிட்டாக” என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டான்.

“எல்லாருக்கும் கேக்குதா?”